நடுத்தடம்

ஞாயிற்றுக்கிழமைக் காலை.
மழை விட்டும் தூவானம் விடாத சோமர்செட்.
பின்னால் நாற்பத்தொரு தலைகள்:
கெய்ன்ஷாம் பந்துருட்டுக் கழகத்தார்,
தொப்பியும் கேக் டப்பாவுமாய்
டோர்க்கிக்குப் போட்டிக்குப் போகிறார்கள்.
முன்னால், எம் ஃபைவின் நடுத்தடத்தில்
வெளிர்பச்சையாய் ஒரு சின்ன ஹோண்டா,
ஐம்பத்துநாலு மைல் வேகத்தில்.

அதற்கு இடப்புறத் தடம் காலி,
கழுவிக் கவிழ்த்த தட்டாக.
வலப்புறத் தடமும் காலி.
ஆளில்லாத வண்டியில்
யாரோ துண்டு போட்டுப் பிடித்துவைத்த சீட்டு மாதிரி
நடுவில் அது மட்டும்.

என் பேருந்துக்கு வலக்கோடித் தடம் கூடாது.
சட்டம் அங்கே
கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று எழுப்பியிருக்கிறது.
இடப்பக்கமாய் முந்தலாம்தான்.
கை துறுதுறுக்கிறது.
ஆனால் இருபத்தாறு வருடம்
அப்படி முந்துகிறவர்களைத் திட்டித் திட்டியே
இந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.
திட்டிய வாய் சும்மா விடுமா?

ஆக, கிளிவ்டன் தாண்டியதிலிருந்து
இரண்டு வெறுந்தடங்களுக்கு இடையில்
சிறைப்பட்டு வருகிறேன்.
அந்த வண்டி எண் எனக்கு மனப்பாடம்.
பின்கண்ணாடியில் பாதி உரிந்த
ஏதோ தோட்டத்தின் ஸ்டிக்கரும்.
விளக்கை இருமுறை சிமிட்டினேன்.
அவர் கையை உயர்த்தி
எனக்கு வணக்கம் சொன்னார்.

பிரெண்ட் நோல் குன்று
சமவெளியில் தனியாக எழுந்து நின்று
எங்களை வேடிக்கை பார்த்தது.
ஒரு கோழி லாரி எங்கள் எல்லாரையும்
இடப்பக்கமாய்க் கடந்துபோனது, வெட்கமே இல்லாமல்.
"லோரேன், அந்த ஆளுக்கு உயிர் இருக்கா பாரு,"
மூன்றாம் வரிசையிலிருந்து மிஸஸ் யாண்டில்.
"இருக்கு. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து
திசைவிளக்கு எரிஞ்சுக்கிட்டே வருது."

டான்ட்டன் டீன் நிறுத்தத்தில்
தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் அவரே நின்றார்.
அங்கேயும் இரண்டு வரிசைக்கு நடுவில்.
கூம்ஸ் என்றார் பெயரை.
தேய்த்து மடிப்பு வைத்த மழைக்கோட்டு.
என் வாயில் முப்பது மைல் வசவு
பழுத்துக் கிடந்தது.
வெளியே வந்தது இவ்வளவுதான்:
"ஏன் நடுவிலேயே?"

அவர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிக்காமல்
நெடுநேரம் உதறினார்.
"இடப்பக்கம் போனா
ஒவ்வொரு வாயிலிலும் யாராவது உள்ளே வர்றாங்க.
விடணுமா, முந்தணுமா, விலகணுமான்னு
ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கணும்.
வலப்பக்கம் போனா முதுகுக்குப் பின்னால முறைக்கிறாங்க.
நடுவுல
யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல."

நான் பேசாமல் இருந்தேன்.
வாக்குச்சாவடியில் ஒருமுறை,
ஒரு கல்யாணத்தில் பதினோரு வருடம்
நானும் அந்தத் தடத்தில் ஓட்டியவள்தான்.

பிறகு சொன்னேன்:
"இடது. எப்பவும் இடது.
முந்தணும்னா மட்டும் நடு.
முந்தினதும் திரும்ப இடது."
ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டார்,
கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு.

தலைகளை எண்ணி ஏற்றிக் கிளம்பினால்
அரை மைலில் அவர். இடத்தடத்தில்!
அதே ஐம்பத்துநாலு.
நடுவுக்கு வந்து, அறுபதைத் தொட்டு,
நிதானமாக அவரைக் கடந்தேன்.
கழகம் மொத்தமும் கைதட்டியது.
டெரிக் தொப்பியைக் கழற்றினார்.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றி
இடப்பக்கம் சாயாமல், வலப்பக்கம் சாயாமல்
நேரே பார்த்துப் போனார் கூம்ஸ்.

வெலிங்டன் வாயில்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
சரிவுப்பாதையில் ஒரு பால் டாங்கர்
வேகமெடுத்து உள்ளே வருகிறது.
கூம்ஸுக்கு வலப்பக்கம்
நடுத்தடம்
வானம்போல் திறந்து கிடக்கிறது.
போங்க, கூம்ஸ். இப்ப போங்க.
உங்க ஆயுளில் ஒரே ஒரு தடவை
அது உங்களுக்காகவே போட்ட பாதை.

அவர் அசையவில்லை.
ரசீதில் அது இல்லை.

டாங்கர் பிரேக்கில் முனகி
கோடு முடியும் இடத்தில் கிறீச்சிட்டு
ஊருக்கே கேட்கும்படி ஹாரன் அடித்தது.
கண்ணாடியின் மூலையில்
சுருங்கிக்கொண்டே போகும் வெளிர்பச்சைக்குள்
ஒரு கை
மெல்ல உயர்ந்தது,
வணக்கத்துக்கு.